அர்ஜென்டினா 2001: பழி யார் மேல்?

கணக்குப்பிள்ளை:

போன வாரம் விலைவாசி பற்றிய இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: "அர்ஜென்டினா 2001ல் திவாலானது அரசாங்கம் வரவறியாமல் செலவு செய்ததால்." அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை. 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஒரு நாட்டில் எல்லா வங்கியும் ஒரே நாளில் "உங்கள் பணம் உங்களுக்கு இல்லை" என்று சொன்ன வருடத்தை ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

என் கட்சி இதுதான். அந்த நாட்டைக் கவிழ்த்தது 1991 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஒரு சட்டம். ஒரு டாலருக்கு 10,000 ஆஸ்திரால் (அப்போதைய நாணயம்), அதற்குமேல் அசையாது என்று நிர்ணயித்தார்கள். அடுத்த ஜனவரியில் நாலு சைபரை வெட்டி அதற்குப் பேசோ என்று பேர் வைத்தார்கள். ஒரு பேசோ, ஒரு டாலர். அதிபர் கார்லோஸ் மெனெம், நிதியமைச்சர் தொமிங்கோ கவாயோ.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. 1989ல் அங்கே பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஜூலை மாதத்தில் மட்டும் விலைகள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆயின. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடாவிட்டால் பாதிப் பொருள்கூட வராது. அந்த நிலையில் டாலரோடு முடிச்சுப் போட்டது மருந்து மாதிரி வேலை செய்தது. மறுக்கவில்லை.

ஆனால் மருந்தைப் பத்து வருடம் சாப்பிட்டார்கள். டாலர் ஏறும்போதெல்லாம் பேசோவும் கூடவே ஏறியது. அப்போது அர்ஜென்டினாவின் ஏற்றுமதியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பிரேசிலுக்குப் போனது. 1999 ஜனவரியில் பிரேசில் தன் நாணயத்தை இறங்க விட்டது. ஒரே மாதத்தில் அர்ஜென்டினாவின் சரக்கு அங்கே யானை விலை, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே கொள்ளை மலிவு. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1998ல் தொடங்கிய மந்தம் நாலு வருடம் விடவே இல்லை. நாணயத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் மூச்சு வந்திருக்கும். சட்டம் விடவில்லை.

நெல்லைச்சீமை:

கணக்குப்பிள்ளை சார், உங்கள் எழுத்துமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இது கத்திமேல் பழி போடுகிற வாதம்.

ஒரு பேசோவுக்கு ஒரு டாலர் என்று சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது: இனி நோட்டு அடித்துச் செலவு செய்ய மாட்டேன், வரவுக்குள் வாழ்வேன். அந்த வாக்கைக் காப்பாற்றினார்களா? நல்ல வருடங்களிலேயே கடன் வாங்கினார்கள். 1991 முதல் 94 வரையிலும் 96, 97லும் பொருளாதாரம் நன்றாக ஓடியது. எண்ணெய்க் கம்பெனி ஒய்பிஎஃப், தொலைபேசி, விமானம், ரயில் எல்லாவற்றையும் விற்றார்கள். வீட்டுப் பாத்திரம் பண்டம் வரைக்கும் விற்ற பிறகும் கடன் ஏறுகிறது என்றால் அது யார் குற்றம்? 2001 முடிவில் அரசுக் கடன் 14,000 கோடி டாலருக்கு மேல். இதை அந்தச் சட்டமா கையெழுத்துப் போட்டு வாங்கியது?

மாகாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரி வசூலிப்பது பெரும்பாலும் மத்திய அரசு, செலவு செய்வது ஆளுநர்கள். வசூலிக்கிற கஷ்டம் தெரியாதவன் கையில் செலவு. 1999 தேர்தலுக்கு முன்பு மெனெமும், பியூனஸ் ஐரஸ் மாகாண ஆளுநர் எதுவார்தோ துஹால்தேயும் கட்சிக்குள்ளேயே போட்டி போட்டுக்கொண்டு கஜானாவைத் திறந்தார்கள்.

நான் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறவன். கடன் வாங்கிக் கல்லாவை நிரப்பிவிட்டு வியாபாரம் நன்றாகப் போகிறது என்று சொல்கிறவனை நிறையப் பார்த்திருக்கிறேன். கடை மூடும்போது அவன் மார்க்கெட்டைத்தான் திட்டுவான்.

மாணவன்:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம், ஐயா. நாணயத்தை இறக்குவதுதான் வழி என்று தெரிந்தால் 1999லேயே இறக்கியிருக்கலாமே? சட்டத்தை மாற்ற ஒரு நாள் போதாதா?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி தம்பி. கண்ணி அங்கேதான் இருக்கிறது.

பத்து வருடமாக "பேசோவும் டாலரும் ஒன்று" என்று அரசாங்கமே சொன்னதால் ஜனங்கள் டாலரில் கடன் வாங்கினார்கள். ஒரு பள்ளி ஆசிரியரை நினைத்துக்கொள். மாதச் சம்பளம் 900 பேசோ. ஃபிளாட் வாங்க 30,000 டாலர் வீட்டுக்கடன். மாதத் தவணை 300 டாலர், அதாவது 300 பேசோ. சமாளிக்கலாம். ஒரு காலையில் டாலர் மூன்று பேசோ ஆகிறது. தவணை 900 பேசோ. சம்பளம் முழுக்கத் தவணைக்கே போகிறது, வீட்டில் அடுப்பு எரியாது. இந்த ஆசிரியர் நான் உதாரணத்துக்குச் சொன்னவர், ஆனால் நாட்டில் நிறையக் குடும்பங்களின் கணக்கு இந்த மாதிரிதான் இருந்தது. கம்பெனிகளுக்கும் அதே கதை. அரசாங்கத்துக்கும் அதே கதை, அதன் வரி வருமானம் பேசோவில், கடன் டாலரில்.

அதனால் 1999 தேர்தலில் எந்தப் பெரிய வேட்பாளரும் அந்த முடிச்சை அவிழ்ப்பேன் என்று சொல்லத் துணியவில்லை. ஜெயித்த ஃபெர்னாந்தோ தெ லா ருவாவும் அதைக் காப்பேன் என்றுதான் வாக்குக் கேட்டார். ஜனங்களும் அதைத்தான் விரும்பினார்கள். புலிவாலைப் பிடித்த கதை.

நெல்லைச்சீமை, கடன் ஏறியது உண்மை. ஏன் ஏறியது என்பதில் ஒரு பகுதியை விட்டுவிட்டீர்கள். 1994ல் ஓய்வூதியத்தைத் தனியார் நிதிகளிடம் கொடுத்தார்கள். சம்பளத்தில் பிடிக்கிற சந்தா தனியாரிடம் போனது. ஆனால் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியது அரசாங்கம்தான். வரவு போய்விட்டது, செலவு அப்படியே. பற்றாக்குறையில் பெரிய பங்கு அங்கிருந்து வந்தது. அதைச் சீர்திருத்தம் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

செங்காந்தள்:

இரண்டு பேரும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் 2001ஆம் வருடத்தைத் தேதிவாரியாகச் சொல்கிறேன், யார் யாரை நெருக்கினார்கள் என்று பாருங்கள்.

2000 டிசம்பரிலேயே ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) தலைமையில் சுமார் 4,000 கோடி டாலருக்கு ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதற்குக் "கவசம்" என்று பேர். கவசம் யாருக்கு? கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி தவறாமல் போய்ச் சேர. மார்ச் மாதம் நிதியமைச்சர் மாசினேயா விலகினார். அடுத்து வந்த லோபெஸ் முர்ஃபி பல்கலைக்கழக நிதியில் கைவைத்தார், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டு வாரத்தில் அவரும் போனார். யாரைக் கூப்பிட்டார்கள்? முடிச்சுப் போட்ட அதே கவாயோவை.

ஜூனில் பழைய கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு புதுப் பத்திரம் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட 3,000 கோடி டாலர் அளவுக்கு. அசலைத் தள்ளிப்போட்டதற்கு விலை 15 சதவீத அளவில் வட்டி. எந்த நாடு 15 சதவீத வட்டிக்கு டாலர் வாங்கிக் கரையேறியிருக்கிறது? ஜூலையில் "பூஜ்யப் பற்றாக்குறை" சட்டம். அரசு ஊழியர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் 13 சதவீதம் வெட்டு. மந்தத்தில் கிடக்கிற நாட்டில் சம்பளத்தை வெட்டினால் கடையில் விற்பனை குறையும், வரி குறையும், மறுபடி பற்றாக்குறை. இதை ஒழுக்கம் என்று சொல்கிறீர்களே, அண்ணாச்சி, இது பட்டினிக்காரனுக்குப் பேதி மருந்து கொடுக்கிற வைத்தியம்.

அக்டோபர் 14 நாடாளுமன்றத் தேர்தல். அப்போது அங்கே வாக்குச்சீட்டை உறையில் போட்டுத்தான் பெட்டியில் போடுவார்கள். அன்றைக்கு வெற்று வாக்கும் செல்லாத வாக்கும் சேர்ந்து ஐந்தில் ஒன்றுக்கு மேல். பலர் உறைக்குள் கிளெமெந்தே படத்தை வைத்தார்கள். கிளெமெந்தே ஒரு பத்திரிகைக் கார்ட்டூன் பாத்திரம், அதற்குக் கையே கிடையாது. கை இல்லாததால் திருடாது. அந்த வாக்கை எண்ணி முடித்த இரவே அரசாங்கம் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. வங்கி வாசல்களில் கூட்டம், எல்லாரும் பணத்தை எடுக்கிறார்கள். டிசம்பர் 1 ஆணை வந்தது: வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது. கொர்ராலிதோ என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள். சின்னப் பட்டி என்று அர்த்தம், தவழும் குழந்தை வெளியே போகாமல் அடைத்து வைக்கிற கூண்டுக்கும் அங்கே அதே பேர்தான். டிசம்பர் 5 ஐ.எம்.எஃப் தர வேண்டிய 126 கோடி டாலர் சொச்சத்தைத் தர மாட்டேன் என்றது.

வங்கிக் கணக்கு இருந்தவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். கணக்கே இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிறவர், தள்ளுவண்டி வைத்திருப்பவர், கொத்தனார், எல்லாருக்கும் கூலி ரொக்கம். ரொக்கம் வற்றியதும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. டிசம்பர் நடுவில் ரொசாரியோவிலும் தலைநகரைச் சுற்றிய ஊர்களிலும் கடைகளில் புகுந்து உணவை எடுத்தார்கள்.

19ஆம் தேதி புதன்கிழமை. ரொசாரியோவில் கிளாவ்தியோ லெப்ராத்தி என்ற தொண்டர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் பள்ளிக்கூடத்தின் கூரைமேல் ஏறி, சுடாதீர்கள், இங்கே பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று போலீசைப் பார்த்துக் கத்தினார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று இரவு தெ லா ருவா தொலைக்காட்சியில் தோன்றி நெருக்கடி நிலை அறிவித்தார். பேச்சு முடிகிறதற்குள் பால்கனிகளில் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கரண்டியும் வாணலியுமாக ஜனங்கள் இறங்கி அதிபர் மாளிகைக்கு முன்னால் இருக்கும் மே சதுக்கம் நோக்கி நடந்தார்கள். "எல்லாரும் போகட்டும், ஒருத்தர்கூட மிஞ்ச வேண்டாம்" என்பதுதான் கோஷம். நள்ளிரவில் கவாயோ விலகினார். மறுநாள் குதிரைப் போலீசை ஏவினார்கள், சர்வாதிகாரக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்து வெள்ளைத் தலைத்துணியோடு அந்தச் சதுக்கத்தைச் சுற்றி வந்த தாய்மார்கள் மேலேயே. அன்று மாலை அதிபர் ராஜினாமா எழுதிவிட்டு மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் போனார். அந்த நாட்களில் நாடு முழுக்கச் செத்தவர்கள் 39 பேர்.

கையிருப்புக் கணக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இந்த 39 பேரையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசுங்கள்.

நெல்லைச்சீமை:

அந்தச் சாவுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன், தங்கச்சி. அந்த அடக்குமுறைக்காக அப்போதைய பாதுகாப்புச் செயலர் மாத்தோவும் போலீஸ் தலைவர் சாந்தோஸும் 2016ல் தண்டனை பெற்றார்கள். பதினைந்து வருடம் கழித்து. அது தாமதம், அதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் ஐ.எம்.எஃப் மேல் முழுப் பழியையும் போடுவதை ஏற்க மாட்டேன். செப்டம்பர் 2001ல்கூட அது கூடுதலாக 800 கோடி டாலர் ஒதுக்கியது. அது செய்த தப்பு கொடுக்காதது இல்லை, நம்பக் கூடாத இடத்தில் நம்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. சொந்த வீட்டில் நடந்ததைப் பாருங்கள். தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்ற செனட்டர்களுக்கு லஞ்சம் கொடுத்ததாகப் புகார் எழுந்தது. துணை அதிபர் சாச்சோ அல்வாரெஸ் 2000 அக்டோபரில் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். பதவியேற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, கூட்டணி செத்துவிட்டது. இதை வாஷிங்டனா செய்தது?

அப்புறம் அந்தச் சீட்டுகள். சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் மாகாணங்கள் தாங்களே சீட்டு அடித்தன. பியூனஸ் ஐரஸில் பத்தாகோன், கொர்தோபாவில் லெகோர், சாக்கோவில் கெப்ராசோ. மத்திய அரசும் லெகோப் என்று ஒன்று விட்டது. ஆசிரியருக்கும் நர்சுக்கும் சம்பளம் இந்தச் சீட்டில். ஒரு மாகாணத்தில் செல்லுவது பக்கத்து மாகாணத்தில் செல்லாது. பத்தாகோனை வாங்கிக்கொள்வோம் என்று காட்ட மெக்டொனால்ட்ஸ் "பத்தாகோம்போ" என்று ஒரு சாப்பாடே விற்றது. "நோட்டு அடிக்க மாட்டேன்" என்ற சட்டம் ஒரு பக்கம், கொல்லைப்புறத்தில் அச்சு இயந்திரம் ஓடுகிறது. உங்கள் முடிச்சு அப்போதே அறுந்துவிட்டது, கணக்குப்பிள்ளை சார். அறுத்தது அரசியல்வாதி.

கணக்குப்பிள்ளை:

அறுந்த பிறகும் அது அறுந்துவிடவில்லை என்று எல்லாரும் சாதித்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய துயரம்.

ஆனால் ஐ.எம்.எஃப் கொடுத்ததே தப்பு என்ற உங்கள் வரியோடு நானும் பெரும்பாலும் உடன்படுகிறேன். 2000 முடிவிலேயே, கடனைக் குறைத்துக் கட்டுகிறோம், நாணயத்தை இறக்குகிறோம் என்று ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் வலி இருந்திருக்கும், இத்தனை பெரிய இடிபாடு இருந்திருக்காது. அந்த ஒரு வருடத்தில் வந்த ஒவ்வொரு டாலரும் யாரோ ஒரு பெரிய ஆள் தன் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உதவியது. விஷயம் தெரிந்தவர்கள் நவம்பருக்கு முன்பே போய்விட்டார்கள். டிசம்பர் 3 திங்கட்கிழமை வரிசையில் நின்றவர்கள் மீதிப் பேர்.

மாணவன்:

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் ஐந்து அதிபர்கள் என்று படித்தேன். அது உண்மையா?

செங்காந்தள்:

உண்மைதான். தெ லா ருவா, இடைக்காலத்துக்கு ராமோன் புயெர்த்தா, டிசம்பர் 23 முதல் ஒரு வாரம் அதோல்ஃபோ ரொத்ரீகெஸ் சா, அவர் விலகியதும் எதுவார்தோ கமானியோ, ஜனவரி 2 துஹால்தே. ரொத்ரீகெஸ் சா பதவியேற்ற அன்றே வெளிநாட்டுக் கடனைக் கட்டப் போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார், உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நெல்லைச்சீமை அண்ணாச்சிக்கு அந்தக் கைதட்டல் பிடிக்காது என்று தெரியும். ஆனால் 2003 முதல் அஞ்சு வருடம் அந்த நாடு ஆண்டுக்கு 8, 9 சதவீதம் வளர்ந்தது. கட்ட முடியாத கடனை நிறுத்தியதால்தான் அந்த மூச்சு வந்தது. முதலாளி விட்டுவிட்டுப் போன தொழிற்சாலைகளைத் தொழிலாளர்களே எடுத்து ஓட்டினார்கள். தலைநகரில் புருக்மான் தையல் ஆலையில் அந்த டிசம்பர் 18ஆம் தேதியே தையல்காரப் பெண்கள் உள்ளேயே தங்கிவிட்டார்கள், அதிபர் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால். பஸ்ஸுக்குக் காசு கொடு என்று கேட்டு உட்கார்ந்த பெண்கள் அவர்கள்.

நெல்லைச்சீமை:

வளர்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்கியது வளர்ச்சி? 2002ல் மட்டும் பொருளாதாரம் கிட்டத்தட்ட 11 சதவீதம் சுருங்கியது. அந்த அக்டோபரில் பாதிக்கு மேல், 57.5 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பாதாளத்தில் விழுந்தவன் ஏறுகிற ஒவ்வொரு படியும் உயரமாகத்தான் தெரியும். அதோடு சோயா விலை வேறு ஏறியது.

கடனை நிறுத்தியதன் செலவும் சும்மா போகவில்லை. 2005லும் 2010லும் பெரும்பாலான பத்திரக்காரர்கள் தங்களுக்கு வர வேண்டிய தொகையை வெட்டிக் குறைத்ததை ஏற்றார்கள். ஏற்காத சில நிதிகள் வழக்கு நடத்தின. 2012ல் கானா துறைமுகத்தில் அர்ஜென்டினாக் கடற்படையின் பயிற்சிக் கப்பலையே பிடித்து வைத்தார்கள். அந்த வழக்கு 2016ல்தான் தீர்ந்தது. பதினைந்து வருடம் உலகச் சந்தையில் கதவு பாதி சாத்தியே இருந்தது.

செங்காந்தள்:

அந்த நிதிகள் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி முழு விலை கேட்டவை. அவர்களுக்காக நான் வருந்த மாட்டேன்.

தென்கடல்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2011 முதல் 2013 வரை வேலைக்காகப் பியூனஸ் ஐரஸில் இருந்தேன், அல்மாக்ரோ பகுதியில் ஒரு அம்மா வீட்டில் ஓர் அறை வாடகைக்கு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவருடைய கணவருக்கு நாற்காலி செய்கிற சின்னத் தச்சுப்பட்டறை. கூட மூன்று ஆட்கள். இருபது வருடச் சேமிப்பை டாலரில் ஒரு வங்கியில் டெபாசிட் செய்திருந்தார்கள். 2002 ஜனவரியில் துஹால்தே பதவியேற்றபோது, டாலர் போட்டவர் டாலர் பெறுவார் என்றார். அந்த அம்மா அந்த வாக்கியத்தை ஸ்பானிஷில் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். ஒரே மாதத்தில், பிப்ரவரியில் ஆணை வந்தது: டாலருக்கு 1.40 பேசோ வீதம் எல்லாம் பேசோ ஆக்கப்படும். ஜூனில் வெளியே ஒரு டாலர் நாலு பேசோவை நெருங்கியது.

அந்த மாதங்களில் வங்கிகள் முகப்பை இரும்புத் தகட்டால் மூடிக்கொண்டன. வயதானவர்கள் சுத்தியலும் சாவிக்கொத்துமாக வந்து அந்தத் தகட்டில் அடிப்பார்கள். அவர் கணவர் பட்டறையிலிருந்த மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தகட்டில் மரச்சுத்தியல் சத்தமே வராது, பக்கத்தில் நின்ற ஆள் தன்னுடைய இரும்புச் சுத்தியலைக் கொடுத்தாராம். மாறி மாறி அடித்தார்களாம்.

நான் இருந்த காலத்திலும் டாலர் வாங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஃப்ளோரிதா தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் "காம்பியோ, காம்பியோ" என்று குரல் கொடுப்பார்கள், கள்ளச் சந்தையில் மாற்றித் தருகிறவர்கள். அந்த அம்மா மாவு டப்பாவில் டாலர் வைத்திருந்தார். வங்கியில் வாடகையைப் போடட்டுமா என்று முதல் மாதம் கேட்டேன். பதில் சொல்லவில்லை, கையை நீட்டினார்.

நெல்லைச்சீமை:

தென்கடல் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இந்த இடத்தில் நான் செங்காந்தள் பக்கம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒழுக்கம் ஒழுக்கம் என்று நான் பேசுகிறேன். சேமித்தவன்தான் ஒழுக்கமானவன். அவனிடமிருந்துதான் எடுத்தார்கள்.

வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களுக்கு உருகுவேயைக் காட்டுவேன். அர்ஜென்டினா ஆட்கள் தங்கள் பணத்தை அங்கிருந்து எடுத்ததில் 2002ல் அந்தச் சின்ன நாட்டு வங்கிகளும் ஆடின. ஜூலை கடைசியில் வங்கிகளை மூடினார்கள். ஆனால் டெபாசிட்டைப் பேசோ ஆக்கவில்லை. அரசு வங்கிகளின் தவணை வைப்பை மூன்று வருடம் வரை தள்ளிப்போட்டார்கள், டாலராகவே கொடுத்தார்கள். கடன் பத்திரக்காரர்களிடம் பேசித் தவணையை நீட்டினார்கள். வாக்கு என்றால் அது.

கணக்குப்பிள்ளை:

உருகுவேக்கு அமெரிக்கா 150 கோடி டாலர் கைமாற்றாகக் கொடுத்தது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் உங்கள் கருத்தை ஏற்கிறேன்.

நான் இதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த வேலையை நான் கவுண்டரில் செய்தவன். டெபாசிட்டுக்கு 1.40. வங்கிக் கடனுக்கு? ஒன்றுக்கு ஒன்று. 10,000 டாலர் போட்டவருக்கு 14,000 பேசோ, ஜூன் கணக்கில் அது 4,000 டாலர்கூட இல்லை. 10,000 டாலர் கடன் வாங்கியவர் 10,000 பேசோ கட்டினால் போதும். நான் முன்பு சொன்ன ஆசிரியருக்கு இது உயிர் காத்தது, அது நியாயம். ஆனால் அதே சலுகை, வெளிநாட்டில் டாலரை வைத்துக்கொண்டு உள்ளூரில் கோடிக்கணக்கில் கடன் வாங்கியிருந்த பெரிய கம்பெனிகளுக்கும் கிடைத்தது. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வங்கிகளுக்கு அரசு கடன் பத்திரம் கொடுத்தது. அந்தப் பத்திரத்தைக் கட்டுவது வரி கட்டுகிற ஜனம்.

டெபாசிட்டை விலைவாசிக்கேற்ப ஏற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுகிறேன். வழக்குப் போட்டவர்களுக்கு 2006 முடிவில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய போட்ட டாலரின் மதிப்புக்கே வந்தது.

மாணவன்:

அப்படியென்றால் கடைசியில் யாரும் எதையும் இழக்கவில்லையா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

தென்கடல்:

இழந்தார்கள், தம்பி.

2002ல் இன்னொரு வழியும் கொடுத்தார்கள். முடங்கிய டெபாசிட்டுக்குப் பதிலாக 2012ல் முடிகிற டாலர் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். காத்திருந்தால் டாலராகவே திரும்பும். அப்போது அந்த அரசாங்கம் தந்த காகிதத்தை யார் நம்புவார்கள்? நம்பினாலும் பத்து வருடம் காத்திருக்க யாரால் முடியும்?

அந்த அம்மா வீட்டில் முடியவில்லை. மரக்கடைக்காரர் பழைய பாக்கியை ரொக்கமாகக் கேட்டார், மூன்று ஆட்களுக்கு நாலு மாதச் சம்பளம் நின்றிருந்தது. டெபாசிட் சான்றிதழைப் பாதிக்கும் குறைவான விலைக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் அதை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். ஆட்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஆகஸ்டில் பட்டறையை மூடினார்கள். கணவர் 2007ல் தவறிவிட்டார்.

2012 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தப் பத்திரத்தின் கடைசித் தவணையை அரசாங்கம் டாலராகக் கட்டி முடித்தது. கொர்ராலிதோவின் கடைசிக் கடனும் அடைந்தது என்று தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டினார்கள். நான் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உள்ளே போய் பழைய சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்து வந்தார். "அமெரிக்க டாலர்" என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்து, இந்தக் காகிதத்துக்கான பணம் இன்றைக்கு யாரோ ஒருத்தருக்குப் போயிருக்கும், யார் என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டார்.